நீ தேய்த்த வலது பக்கம்

ரேகை தேய்ந்த கைக்காரியே, என் அம்மாவே,

இல்லம்மா. இன்னும் போய்ச் சொல்லவில்லை.

நீ கேட்கவில்லை, தெரியும். உன் குரலில் நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். பதினாறு நாளாக இதுதான் நடக்கிறது.

நேற்று கருமாதி முடிந்தது. வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஓர் அண்டாவில் அடிப்பிடித்துவிட்டது. தேய்க்க உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி, "சீனியக்கா இருந்தா இந்நேரம்..." என்று தொடங்கியவள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். உன் ஆடுகளை விலைக்கு வாங்கிய நரிக்குடிக்காரர் வண்டியில் ஏற்றிப் போனார். சின்னது மட்டும் ஏற மாட்டேன் என்று காலை ஊன்றி நின்றது. உன் வளர்ப்பு. ரீசார்ஜ் செய்யச் சொல்லி உன் போனுக்கு இன்னும் மெசேஜ் வருகிறது.

உனக்கு எழுத்து தெரியாது. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், தெருவில் போகிற படித்த ஆள் யாரையாவது நிறுத்திச் சத்தமாகப் படிக்கச் சொல்லுவாய். பக்கத்தில் நாலு பேர் நின்றால் அவர்களும் கேட்பார்கள். உனக்கு அதில் கூச்சமே இருந்ததில்லை. இதையும் அப்படியே எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். யாராவது படிப்பார்கள். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்.

என் வேலை என்னவென்று உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு பட்டறை. பழைய கார்களைப் பிரித்து, அவை முதன்முதலில் வந்த நிலைக்குக் கொண்டுவருகிறவர்கள். வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் ஒருவர் போய், எது கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கிறது, எது பிறகு மாட்டியது என்று பார்த்து எழுதித் தர வேண்டும். அந்த ஒருவர் நான். கல்வெட்டுப் படியெடுக்கப் படித்தவள், இப்போது எஞ்சின் நம்பரைப் படியெடுக்கிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வார்களே, அதேதான். எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் எண் காகிதத்துக்கு ஏறிவரும்.

"பழைய காரப் பழசுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு. அதுக்கு ஒரு சம்பளம்," என்று சிரித்தாய். "நான் இங்கன சும்மாவே சொல்லுவேனே."

சொல்லியிருப்பாய். கேட்டிருக்க வேண்டும்.

படித்ததை உலோகத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் காலத்துக் குரோமியத்துக்கு அடியில் தடிமனாக நிக்கல் இருக்கும். மேல்பூச்சு தேய்ந்தால் லேசான மஞ்சள் தெரியும். இப்போது மலிவாகப் பூசித் தருவது தேய்ந்தால் நேராகத் துருதான். எஞ்சின் அறைக்குள் இருக்கும் சின்ன நட்டு, போல்ட்டு, கிளிப்பெல்லாம் காட்மியம் பூசி வந்தவை. மங்கலான சாம்பல் நிறம். மரை அங்குல அளவில் இருந்தால் பழையது. மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தினால் பிறகு வந்தது. காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவில் வைத்தால் தகரம் உள்ள இடத்தில் ஒட்டும், பள்ளத்தை அடைத்துப் பட்டி பூசிய இடத்தில் நழுவும்.

இவையெல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தேன். ஒரே வண்டியில் பிறந்த பாகங்கள் ஒரே மாதிரி மூப்படையும். ஒரு பக்கம் இளமையாகவும் மறுபக்கம் கிழடாகவும் இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யாரோ கை வைத்திருந்தார்கள். அது உண்மைதான்.

*

அருப்புக்கோட்டையில் அந்தப் பெரிய வீட்டின் பெயரைப் பட்டறைக்காரர் சொன்னபோது, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ பதினெட்டு வருடம் பாத்திரம் தேய்த்த வீடு. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், பின்வாசல் வழியாக நுழைந்து, பின்வாசல் வழியாகவே வெளியே வந்த வீடு. அந்த வீட்டுக்கு நான் முன்வாசல் வழியாகப் போகப் போகிறேன் என்பதில் ஏதோ ஒரு ருசி இருந்தது. இப்போது எழுதும்போது தெரிகிறது, அந்த ருசிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பெரிய முதலாளியும் முதலாளியம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. மகன் மட்டும். நீங்கள் எல்லோரும் சின்னவர் என்று சொல்கிறவர். ஹாஸ்டலில் வளர்ந்து, சென்னையில் தொழில் செய்து, நாற்பது வயதுக்கு மேல் அப்பாவின் காரைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். கெட்டவர் இல்லையம்மா. அம்பாசிடரின் பானெட்டைத் திறக்கும்போது, தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி மெதுவாகத்தான் திறந்தார்.

காரை ஷெட்டிலிருந்து நாலு பேர் முற்றத்துக்குத் தள்ளி வந்தார்கள். நல்ல வெயில். எனக்கு முன்கூடத்தில் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள். சொந்த ஊர் எது என்று சின்னவர் கேட்டார்.

மதுரைப் பக்கம் என்றேன்.

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் நம் ஊரை மறைக்க ஒரு பொய். காபியைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரை எங்கே வைப்பது என்று ஒரு நொடி தடுமாறினேன். யாரும் கவனிக்கவில்லை.

அன்று முழுக்கப் பார்த்தேன். எஞ்சின் நம்பர் சரி. கண்ணாடிகள் சரி. ஆனால் வலது பக்கம் உறுத்தியது. வலது பக்கக் கதவுக் கைப்பிடி இரண்டும் மஞ்சள் ஓடிக் கிடந்தன. இடது பக்கத்தில் குரோமியம் அப்படியே. வலது ஹெட்லைட் வளையம், வலது பக்கச் சக்கரங்களை மூடும் வீல் கப்புகள் எல்லாம் அதே கதை. பானெட்டுக்குள்ளும் வலது பக்கத்து நட்டுகளில் சாம்பல் நிறப் பூச்சே இல்லை, வெறும் இரும்பு. டிரைவர் பக்கம் என்பதால் முன்கதவுக் கைப்பிடி தேயலாம். பின்கதவு ஏன் தேய வேண்டும்? ஹெட்லைட்டை யார் பிடித்து இறங்கினார்கள்? வெயில் ஒரு பக்கம் மட்டும் அடித்ததா என்றால், கார் எப்போதும் மூடிய ஷெட்டில் நின்றது.

பிறகு, வண்டியின் எண் பொறித்த சேஸிஸ் தகடு. பித்தளை. கறுப்புப் பின்னணியில் எழுத்து எடுப்பாக நிற்க வேண்டும். இதில் கறுப்பே கிடையாது. எழுத்துகள் பாதி உயரத்துக்குக் கரைந்திருந்தன. தங்கம் போல மின்னியது. அறுபது வருடத் தகடு அப்படி மின்னாது.

எழுதினேன். அந்த வரிகளை உனக்குப் படித்துக் காட்டியதே இல்லை. இப்போது காட்டுகிறேன்: "வலது, இடது பாகங்களின் மேற்பூச்சு ஒரே அளவில் மூப்படையவில்லை. வலது பக்க உதிரிகள் வேறொரு பழைய வாகனத்திலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். சேஸிஸ் தகடு பிற்காலத் தயாரிப்பு எனக் கருத இடமுண்டு."

வேண்டும். இடமுண்டு. எவ்வளவு அழகான சொற்கள்.

அன்று மாலை ஊருக்கு வந்து, பெரிய வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். உன் முகம் மலர்ந்தது. "என்னையக் கேட்டாகளா?" என்றாய்.

நான் யார் என்று சொல்லவில்லை என்றேன்.

நீ சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாய். பானையை இறக்கி வைத்துவிட்டு, "அதுவுஞ் சரிதான்," என்றாய்.

எது சரி? அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

*

பத்து நாள் கழித்து நீ போன் செய்தாய். பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பவள், கேட்கவில்லை.

"ஏத்தா, அந்தக் காருல வலது பக்கத்துச் சாமானெல்லாம் மாத்துனதுன்னு எழுதிக் குடுத்தியா?"

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"குருசாமியண்ணன் இங்கன வந்து ஒக்காந்து அழுகுறாக. முப்பது வருசம் சாவி அவுககிட்டத்தான இருந்துச்சு? நல்ல சாமானக் கழட்டி வித்துப்புட்டு ஓட்டச் சாமான மாட்டிட்டேன்னு சின்னவரு சொல்லிட்டாராம். ஷெட்டுச் சாவிய வாங்கிக்கிட்டாராம். இனிமே வாசப்பக்கம் வராதேன்னுட்டாராம்."

குருசாமி மாமாவை எனக்கு நன்றாகத் தெரியும். பாலவனத்தத்துக்காரர். அந்த வீட்டு டிரைவர். பெரியவர் போன பிறகும், கார் ஓடாமல் நின்ற பிறகும், மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து சக்கரத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறவர். ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பையாகிவிடும் என்பதற்காக.

என் அறிக்கையில் அவர் பெயர் கிடையாது. பெயர் எழுதாமலே ஒருவரைத் திருடனாக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"மாத்தலத்தா," என்றாய். "அது நான் தேச்சது."

பிறகு சொன்னாய். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீட்டுப் பித்தளையெல்லாம் தேய்த்து முடித்ததும், முதலாளியம்மா காரையும் காட்டிவிடுவார்கள். பானெட்டைத் தூக்கி வைத்திருப்பார்கள். அதே புளி, அதே சாம்பல், அதே தேங்காய் நார். மின்னுகிறதெல்லாம் இன்னும் மின்ன வேண்டும். மறுநாள் அதன் மேல்தான் சந்தனமும் குங்குமமும். ஷெட்டு குறுகல். காரின் இடது பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும். உன்னால் வலது பக்கம்தான் போக முடியும். காரைக் கொஞ்சம் வெளியே எடுங்கள் என்று கேட்க உனக்கு வாய் வராது. மறுநாள் காலையில் குருசாமி மாமா வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, எல்லாப் பக்கமும் துடைத்துவிடுவார். ஆகவே இடது பக்கம் விட்டுப்போனது யாருக்கும் தெரியாது. பதினெட்டு ஆயுத பூஜை.

"அந்தத் தகட்டுல கறுப்பா ஏறிப்போயிருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சேன். லேசுல போகல. மூணு வருசம் தேச்சுத்தான் போச்சு. மொதலாளியம்மா கூட, சீனி கை பட்டா எதுவும் வெளுத்துரும்னாக."

அது அழுக்கு இல்லையம்மா. எழுத்து தெரிவதற்காகக் கம்பெனிக்காரன் நிரப்பிய சாயம். மூன்று வருடம் போராடி நீ ஜெயித்தது அதைத்தான்.

நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வருடம் நானும் வந்திருக்கிறேன். ஏழு வயதிருக்கும். வீல் கப்புகளை எனக்குக் கொடுத்தாய், குனியாமல் தேய்க்கலாம் என்று. வட்டத்தில் என் முகம் அகலமாகத் தெரிந்ததும் சிரித்தேன். அன்று இரண்டு நாளுக்கு விரல் நுனி எரிந்தது. அதே வீல் கப்பைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து "வேறொரு வாகனத்திலிருந்து" என்று எழுதியிருக்கிறேன். நான் தேய்த்ததை நானே அடையாளம் காணவில்லை. இல்லை, காண விரும்பவில்லையா? முற்றத்தில் நின்ற அந்த நாள் முழுக்க, பின்வாசல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் இருந்தேனே, அது மறதியா?

"நான் போயிச் சொல்லட்டுமா?" என்று கேட்டாய்.

"வேண்டாம்மா. நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்துக்கிருவியா?"

"ம்."

*

ஏழு வாரம்.

ஒரு கடிதம் டைப் செய்தேன். "மறுபரிசீலனையில்" என்று தொடங்கியது. எப்படித் தெரிந்தது என்று சின்னவர் கேட்டால் என்ன சொல்வது என்ற இடத்தில் நின்றது. அங்கேயே இருக்கிறது. அனுப்பவில்லை.

காரணங்கள் இருந்தன. ஒரு வாரம் வேறொரு வண்டி வந்தது. ஒரு வாரம் பட்டறைக்காரர் ஊரில் இல்லை. ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். அது நிஜக் காய்ச்சல்தான். மற்ற நாலு வாரத்துக்கும் காரணம் ஒன்றுதான். அறிக்கையைத் திருத்த வேண்டுமானால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நான் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவரின் மகள். அதைச் சொன்னால் நாற்காலியும் காபியும் என்ன ஆகும்? சொன்னால் நான் வேறு ஆளாகிவிடுவேனா? அல்லது எப்போதும் இருந்த ஆளாகவா?

இரண்டு முறை நீ போனில், "அந்தக் காரு..." என்று ஆரம்பித்தாய். இரண்டு முறையும், ஆகிக்கிட்டிருக்கும்மா என்றேன். மூன்றாவது முறை நீ கேட்கவே இல்லை. நான் நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியைத்தான் இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்கரைக்குப் போனவள், நெஞ்சு அடைக்கிறது என்று கருவேல நிழலில் உட்கார்ந்தாய். உட்கார்ந்தவள் எழவில்லை.

*

நேற்று கருமாதிக்குக் குருசாமி மாமா வந்திருந்தார். கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். எல்லோரும் கலைகிற வரைக்கும் வேப்பமரத்தடியில் நின்றார். வெள்ளைச் சட்டை, அயர்ன் செய்தது. பழைய டிரைவர் நடை. நான் அவரைப் பார்க்காமல் இருக்க, கட்ட வேண்டியதில்லாத பந்தலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவரே வந்தார். "தாயி, ஒன்னையக் குத்தஞ் சொல்ல வரல," என்றார். "சொல்லிட்டுப் போலாம்னுதான் நின்டேன்."

ஸ்டாண்டில் தன் பெயரே மாறிவிட்டது என்றார் சிரித்துக்கொண்டே. பாலவனத்தத்து வாடகைக் கார் ஸ்டாண்டில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது, உனக்குத் தெரியும். பையன்கள் வண்டி வாங்கினால் முதலில் அவரைத்தான் உட்காரவைத்து ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். "இப்ப வாறப்பவே, ஏலே, ஸ்பேர் பார்ட்ஸு வாராரு, டயர எண்ணிக்கங்கடான்றானுக." கேலிதான் என்றார். கேலிக்குத் தான் பயப்படவில்லை என்றார். அதற்குப் பிறகு ஸ்டாண்டுக்குப் போவதில்லை என்றும் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுதுனது நீதான்னு சீனி அப்பவே எங்கிட்டச் சொல்லிருச்சு. எம்மகதாண்ணே, தெரியாம எழுதிட்டா, அவளே வந்து மாத்தி எழுதுவா, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னுச்சு. நானும் சரின்டேன்."

"நீங்க ஏன் மாமா சின்னவர்கிட்டச் சொல்லல? அந்தப் பொண்ணு சீனி மகதான்னு?"

"சொன்னா ஒன் வேலைக்கு ஏதாச்சும் வந்துட்டா? நான் ஓஞ்சுபோன டிரைவரு. எனக்கென்ன."

இதோடு முடிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் போகத் திரும்பியவர் நின்றார். "அம்மா பெரிய வீட்டுக்குப் போயிச் சொன்னது ஒனக்குத் தெரியுந்தான?" என்றார்.

எனக்குத் தெரியாது.

நீ போயிருக்கிறாய். சாவதற்குப் பதினொரு நாள் முன்னால். மூன்றாவது போனில் நீ காரைப் பற்றிக் கேட்காததற்கு அதுதான் காரணம். வாசற்படிக்குக் கீழே நீ நின்றாய். கேட்டுக்கு வெளியே மாமா நின்றார். சின்னவர் நல்லவிதமாகத்தான் பேசினாராம், உட்காரக்கூடச் சொன்னாராம். நீ உட்காரவில்லை. புளி போட்டுத் தேய்த்த கதையை முதலிலிருந்து சொன்னாய். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து படித்த பெண் ஒருத்தி வந்து நாள் முழுக்கப் பார்த்து எழுதித் தந்திருக்கிறாள், பாத்திரம் தேய்க்கிற உனக்கு இதில் என்ன தெரியும், குருசாமிக்காகப் பேச வந்தாயா என்றாராம்.

"அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க?"

"ரெண்டு தரம் வாயத் தெறந்துச்சு. பெறகு, ‘அவுக சொன்னாச் சரியாத்தான்யா இருக்கும்’னுட்டு எறங்கி வந்துருச்சு."

அவுக.

நீ பெற்ற என்னை.

அந்த ஒரு சொல்லில் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நீ பஸ்ஸுக்கு நடந்திருக்கிறாய். வழியில் மாமா ஏதோ கேட்டதற்கு, "அவ வருவாண்ணே, வேல சாஸ்தி," என்றாயாம்.

*

மாமாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அந்தக் காரின் போட்டோக்களைத் திறந்தேன். இருநூற்றுச் சொச்சம் எடுத்திருக்கிறேன். முதல் படமே ஷெட்டுக்குள். இடது பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. என் கையால் எடுத்த படம்.

வலது பின்கதவுக் கைப்பிடி. பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிப்பக்கம் மஞ்சள். கதவைப் பார்த்த உள்பக்கத்தில், விரல் புகாத இடுக்கில், குரோமியம் அப்படியே இருக்கிறது. வேறொரு வண்டியில் கிடந்து தேய்ந்திருந்தால் பிடிக்கிற இடத்தில்தான் தேய்ந்திருக்கும். இது கை எட்டிய இடமெல்லாம் சமமாகத் தேய்ந்திருக்கிறது. பிறை பிறையாகக் கோடுகள், எல்லாம் ஒரே பக்கம் வளைந்தவை. கூரை விளிம்பில் ஓடும் பளபளப்பட்டையில் ஒரு கோடும் இல்லை. நீ குள்ளம்.

எல்லாம் இருந்தது. பார்த்தேன், படிக்கவில்லை. என் அறிக்கைப் படிவத்தில் அசல், மாற்றியது, மறுபூச்சு, சேதம் என்று நாலு கட்டங்கள். சுத்தம் செய்தது என்று ஒரு கட்டம் இல்லை. மாற்றிய கையைத் தேடினேன். துடைத்த கை என்று ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. அந்தக் கை பரிமாறித்தான் நான் சாப்பிட்டு வளர்ந்தேன், இருந்தும் தோன்றவில்லை.

இதைப் படிப்பின் குறை என்று சொல்லித் தப்பிக்கலாம். தப்பிக்க மாட்டேன். நீ போன் செய்த பிறகு எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்து ஏழு வாரம் சும்மா இருந்தேன். முதல் தப்பு அறிக்கையில் இருக்கிறது. இரண்டாவது எந்தக் காகிதத்திலும் இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நீ பொறுத்துக்கொண்டாயா, கோபப்பட்டாயா? அந்தப் படியிலிருந்து இறங்கும்போது என்னைப் பற்றி என்ன நினைத்தாய்? வேல சாஸ்தி என்று சொன்னது மாமாவுக்காகவா, உனக்காகவா? இனி யாரிடம் கேட்பது.

திங்கட்கிழமை லாரி வருகிறது. கார் கோயம்புத்தூருக்குப் போகும். போனதும் வலது பக்கத்தில் இருப்பதெல்லாம் கழற்றிக் குப்பைக்குப் போகும். நான்தான் அப்படி எழுதியிருக்கிறேன். அந்த உதிரிகள் போய்விட்டால் குருசாமி மாமா திருடவில்லை என்பதற்கு ஒரு சாட்சியும் இருக்காது. நீயும் இல்லை. நான் மட்டும்தான் மிச்சம்.

அதனால் அம்மா, இன்றைக்கே போகிறேன். போன் செய்ய மாட்டேன், கடிதம் அனுப்ப மாட்டேன். நேரில் போய் நிற்பேன். நான் யார் மகள் என்பதை முதலில் சொல்வேன், வேலையைப் பற்றி அப்புறம். மாமாவின் பெயரை அவர் எதிரிலேயே சுத்தம் செய்து கொடுப்பேன். உள்ளே விடவில்லை என்றால் நாளையும் போவேன். வேலை போனாலும் போவேன். நீ ஒரு முறை போய்த் திரும்பி வந்தாய். நான் சொல்லி முடிக்காமல் திரும்ப மாட்டேன்.

நீ "அவுக" என்று சொன்ன,
உன் ஒரே மக,
காளீஸ்வரி

*

எழுதி முடித்துவிட்டுக் குருசாமி மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் வர மறுத்தார். பதினோரு மணிக்கு இருவரும் அந்த வீட்டில் இருந்தோம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சின்னவர் எழுந்து எங்களோடு ஷெட்டுக்கு வந்தார். அவர் முன்னால் வலது பின்கதவுக் கைப்பிடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. மாமாவிடம், திங்கட்கிழமை லாரியோடு கோயம்புத்தூர் வரை நீங்கள் போய்வர முடியுமா என்று கேட்டார். மாமா, "வாரேன்யா," என்றார். பட்டறைக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் இதுவரை எழுதிய அறிக்கைகளை வேறொருவர் ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். சரி என்றேன். பழைய அறிக்கையை ரத்து செய்து, பெரிய வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தே புதியதை எழுதினேன். எங்கள் படிவத்தின் கடைசியில், வாகனத்தின் வரலாற்றைச் சொன்னவர் பெயருக்கு ஒரு வரி உண்டு. அதில், "சீனியம்மாள், இந்த வீட்டில் பதினெட்டு ஆண்டுகள் பாத்திரம் தேய்த்தவர், என் தாயார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.